உள்ளங்கையில் ஒரு சொட்டு

அறுவை சிகிச்சைக்குப் போகிறவள் மாதிரியே தெரியவில்லை. கேன்டீன் அக்கா பை அடுக்கிய தோரணையைப் பார்த்தால், அந்த ஆஸ்பத்திரியையே எடுத்து நடத்தப் போகிறவள் மாதிரி இருந்தது. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகளாகப் பார்த்து எடுத்து வைத்தாள்; வயிற்றில் தையல் இருக்கும்போது தலைவழியாக எதையும் மாட்ட முடியாது என்று முன்னமே விசாரித்திருந்தாள். பிளக் எப்போதும் கட்டிலுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும் என்று நீள ஒயர் வைத்த சார்ஜர். ஈரத் தரையில் வழுக்காத ரப்பர் செருப்பு. வருஷக்கணக்காகக் கழற்றாத மோதிரத்தை சோப்பு போட்டுத் திருகித் திருகிக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

"பித்தப்பைல கல்லு. அவ்வளவுதானே? எத்தனை மூட்டை அரிசில கல்லு பொறுக்கியிருக்கேன்" என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தப்பியோடப் பார்க்கும் கைதியைப் பார்ப்பதுபோல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்க அவளுக்குக் காரணம் இருந்தது.

அக்கா, பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனை ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. கணவர் அதே பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவர் போய்ச் சேர்ந்துவிட, இரக்கப்பட்டு இவளுக்குப் பாத்திரம் தேய்க்கும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் சமையல்காரர் காய்ச்சல் என்று வரவில்லை. இவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் சமையல்காரர் திரும்பி வந்தபோது, "உடம்பு முக்கியம், இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று தொழிலாளிகளே அவரை அன்போடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அடுப்படி இவள் ராஜ்ஜியம். தலை நரைத்த மெக்கானிக்குகளும், கோட்டு போட்ட மேலாளரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கிருந்துதான் வந்தது. எது கொதித்தாலும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்பு போடுவாள். மறுபடி ஒரு சொட்டு. கடைசியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரே மூச்சில் குடிப்பாள். உப்பு நாக்குக்குத் தெரியும், காரம் தொண்டைக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. இதையெல்லாம் யாரையாவது திட்டிக்கொண்டே செய்வாள், போனில் பேசிக்கொண்டே செய்வாள், மகளுக்குத் தலை பின்னிவிட்ட காலத்தில் அதற்கு நடுவிலும் செய்திருக்கிறாள். அது சாப்பிடுவது ஆகாது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டில் போட்டு உட்கார்ந்து உண்பதுதான் அவளுக்குச் சாப்பாடு. மற்றது வேலை.

இந்தக் கல் விவகாரம் ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வாயு என்று சொல்லிச் சோடா குடித்தாள். ஒருநாள் அடுப்படியிலேயே சுருண்டு விழ, எஞ்சின் பாகங்கள் ஏற்றும் தள்ளுவண்டியில் அவளைப் படுக்க வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். "கிரீஸ் கறை சேலையில படுது, பாத்துத் தள்ளுங்கடா" என்று அந்த வலியிலும் அதட்டினாளாம். ஸ்கேன் பார்த்த அறுவை மருத்துவர், பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் அது உள்ளேயே பழுத்துச் சீழ் பிடிக்கும் என்று சொல்லித் தேதி குறித்தார்.

அக்கா டிமிக்கி கொடுத்தாள். முதல் தடவை, கேன்டீனில் புது அடுப்பு பொருத்துகிறார்கள், நான் நிற்காவிட்டால் வாசலைப் பார்த்து வைத்துவிடுவார்கள் என்றாள். இரண்டாவது தடவை மகள் வெளியூரிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தே விட்டாள். அப்போது பார்த்து அக்காவுக்குக் கடும் சளி, இருமல். இருமலோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையைக் கொட்டப் போன மகள், பழைய செய்தித்தாளில் சுற்றி அடியில் ஒளித்து வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கண்டாள். குடும்பம் முழுக்கச் சாப்பிடும் அளவு டப்பாக்கள். அந்த வீட்டில் இருந்ததோ அக்கா ஒருத்திதான்.

அதற்குப் பிறகும் வலி வந்தது. இந்த முறை விடுப்புக்காக மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வந்திருந்த மகள், வந்த அன்றே அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, இதுதான் கடைசி. இந்தத் தடவையும் ஓடினேன்னா நான் இனிமே எதுக்கும் வரமாட்டேன். நீ சொல்ற எதையும் நம்பவும் மாட்டேன்."

"யாருடி ஓடினது?" என்றாள் அக்கா. ஆனாலும் அந்தச் சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. ஒரே மகள். அவள் நம்பவில்லை என்றால் அக்கா எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் என்ன பயன்? இந்த முறை பேச்சு மாறுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். பை அடுக்கியதில் இருந்த மிடுக்கு அந்த முடிவிலிருந்து வந்தது.

முந்தின நாள் மயக்க மருந்து மருத்துவர், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண், எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கூடாது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அக்கா தலையாட்டினாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக் கதவைச் சாத்தினாள். காலையில் பல் துலக்கும்போதுகூட ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கொப்பளித்தாள். பக்கத்தில் நின்ற மகளுக்குக்கூட முகம் கொஞ்சம் தெளிந்தது.

வாடகைக் கார் பாதி தூரம் போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. கேன்டீன் பண்டக அறைச் சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது.

"பணிமனை வாசல்ல நிறுத்துங்க. கொடுத்துட்டு வந்துடறேன்."

"உன் உதவியாளரையே வெளிய வரச் சொல்லும்மா, வந்து வாங்கிக்கட்டும்."

"அடுப்புல அண்டா ஏறியிருக்கும். அதை விட்டுட்டு வருவானா? ஓடிப்போயிட்டு ஓடி வந்துடறேன்."

உள்ளே 'அரை உப்பு' நின்றுகொண்டிருந்தான். அக்காவின் உதவியாளன், நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. சமையல் எல்லாம் தெரியும், உப்பில் மட்டும் தைரியம் கிடையாது. போட வேண்டியதில் பாதி போட்டுவிட்டு மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அக்கா முகத்தைப் பார்ப்பான். அதனால் வந்த பெயர். அன்று அண்டாவில் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது, அவன் கையில் உப்பு இருந்தது, ஆனால் பார்க்க அக்காவின் முகம் இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அவனுக்கு. அந்த நேரத்தில்தான் அவள் உள்ளே வந்தாள்.

"இந்தா சாவி. எண்ணெய் டின்னைத் திறந்து வச்சிட்டுப் போயிடாதே. ரொட்டிக்காரர் வந்தா எண்ணி வாங்கு. நான் இல்லைன்னு யாராவது வாலாட்டினா பேரை ஞாபகம் வச்சிக்கோ, நான் வந்து பாத்துக்கறேன். எதுக்குத் தம்பி இப்படி முழிக்கிற? ஒரு கை போடு. இன்னும் ஒரு கை. ம், இப்ப சரி. நல்லா இரு."

காரில் ஏறி உட்கார்ந்தாள். மகள் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள். ஒளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடந்தன. பச்சை கவுன், தலைக்கு வலைத் தொப்பி, வலது கையில் ஊசி குத்தி டிரிப்ஸ். மகளை வெளியே வார்டில் உட்கார வைத்துவிட்டு, அறுவை அரங்குக்கு முன்னால் இருக்கும் அறையில் அக்காவைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். மயக்க மருந்து மருத்துவர் வந்து, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றாள் அக்கா. பொய் இல்லை. அவள் மனசாட்சியைக் கேட்டிருந்தால் அதுவும் அதையேதான் சொல்லியிருக்கும்.

மருத்துவர் ஊசிகளைத் தயார் செய்யப் போனார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பயம் எட்டிப் பார்த்தது. அதை விரட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, யாரையாவது திட்டுவது. கைவசம் இருந்தவன் அரை உப்பு. உப்புக்குத்தான் பயப்படுகிறான், மிளகுக்குப் பயமே இல்லை அந்தப் பயலுக்கு என்று மனதுக்குள் ஆரம்பித்தாள். அள்ளிக் கொட்டியிருக்கிறான். தொண்டையில் இன்னும் கரகரவென்று நிற்கிறது. நாளைக்கு யாராவது இருமினால் என் பெயர்தான் கெடும். திரும்பி வந்ததும் அவனுக்கு மிளகுப் பெட்டியை...

அங்கே நின்றுபோனாள். மிளகு தூக்கல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வலைத் தொப்பிக்குள் வியர்த்தது. சாவியைக் கொடுத்தது, ரொட்டிக்காரர், வாலாட்டுகிறவர்கள், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கரண்டி எப்போது கைக்கு வந்தது என்பது மட்டும் வரவில்லை. ஆனால் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனால் பருப்பு வாசனை அடித்தது. தொண்டையில் மிளகு நிற்கிறது என்றால் கிண்ணமும் உள்ளே போயிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். ஒரு சின்னக் கிண்ணம், இந்நேரம் கரைந்திருக்கும் என்று ஒரு மனது சொன்னது. நுரையீரல் என்று மருத்துவர் சொன்னதை இன்னொரு மனது சொன்னது. சொன்னால் ஆபரேஷன் நிற்கும். நின்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறவள் என்ன நினைப்பாள் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஐஸ்கிரீம் டப்பாக்களைப் பார்த்த கண்கள் அவை. ஓடிய தடவையெல்லாம் வாய்கூசாமல் காரணம் சொன்னவள், ஓடாத ஒரே தடவை உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

கட்டிலின் சக்கரத் தடையை ஊழியர் காலால் தட்டி விடுவித்தார். கட்டில் நகர ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. "டாக்டரைக் கூப்பிடுங்க. நான் சூப்பு குடிச்சிருக்கேன்."

மருத்துவர் கோபப்படவில்லை. என்ன சூப், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதில் எண்ணெய் உண்டா என்று கேட்டார். பருப்பு எவ்வளவு வெந்தது என்பதிலிருந்து தாளித்த எண்ணெய்வரை அக்கா ஒப்பித்தாள். மிளகைப் பற்றியும் சொன்னாள். அது மருத்துவருக்குத் தேவைப்படவில்லை. அவர் அறுவை மருத்துவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார். வரிசையில் கடைசிக்குத் தள்ளுகிறோம். மதியத்துக்கு மேல், இடையில் அவசரக் கேஸ் ஒன்றும் வராவிட்டால், இன்றைக்கே. வந்துவிட்டால் இன்னொரு தேதி. "சொன்னீங்களே, அது நல்லது" என்று தோளைத் தட்டினார்.

வார்டுக்குத் திரும்பி வந்த கட்டிலைப் பார்த்ததும் மகள் எழுந்து நின்றாள்.

"ஐஸ்கிரீமா?" என்றாள்.

"சூப்பு."

"வேணும்னுதானே?"

"சத்தியமா இல்லடி. கை தானா போயிருக்கு. எனக்கே தெரியலை."

"உனக்கே தெரியாம ஒரு கிண்ணம் சூப்பு குடிச்சே" என்றாள் மகள். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பாள், அது சுலபமாக இருந்திருக்கும். மகள் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. அரை உப்புதான், ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்டான். மகள் போனை ஒலிபெருக்கியில் போட்டு, "காலையில அம்மா அங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ, இல்லைம்மா. ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு நான் குடுப்பேனா? பச்சைத் தண்ணிகூடக் கேக்கலை. உப்பு மட்டும்தான் பாத்தாங்க."

"உப்பு பாக்கறது சாப்பிடறது இல்லையா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "அது எப்படிம்மா சாப்பிடறது ஆகும்?" என்றான்.

மகள் போனை வைத்தாள். "நல்லாத்தான் சொல்லிக்கொடுத்து வச்சிருக்கே" என்றாள் அம்மாவிடம். பணிமனையையே அடக்கி ஆண்டவளுக்கு, சொந்த மகளை நம்ப வைக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கண் ஓரத்தில் வழிந்ததைத் தொப்பியால் துடைத்துக்கொண்டாள்.

மதியம் பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்தது. அங்கே இருந்தவர் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒரு தையல்காரம்மா. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா? வாயில வைக்க விளங்கலை."

"ஆஸ்பத்திரி இல்லையா, குறைச்சலாத்தான் போடுவாங்க" என்றாள் அக்கா. பேச ஆள் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "எங்க கேன்டீன்ல ஒருத்தன் இருக்கான், அவனும் இப்படித்தான். உப்புன்னா கை நடுங்கும். கேரட்டை முதல்லயே போட்டிருப்பாங்க, அதான் இனிப்பு ஏறி உப்பு அமுங்கிடுது. காயைப் போட்டுட்டு மூடக் கூடாது, மூடினா..."

பேசிக்கொண்டே இருந்தாள். தையல்காரம்மாவும் தலையாட்டிக்கொண்டே, கேட்காமலே ஸ்பூனை நீட்டினார். அக்காவின் இடது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, உள்ளங்கை குழிந்து, அந்த ஸ்பூனுக்கு அடியில் போய் நின்றது. வாய் மட்டும் கேரட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரத்திலிருந்து மகள் பாய்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

அக்கா பேச்சை நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். யாரோ வேறு ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சூப் சொட்டு தரையில் விழுந்திருந்தது. "அடிப்பாவி, மறுபடியுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

மகள் முதலில் மூக்கால் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஷயம் தெரியாத தையல்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"நம்பறியா இப்ப?" என்றாள்.

"நம்பறேன்மா."

"அடுப்பு பொருத்தறாங்கன்னு சொன்னப்பவும், அந்த ஐஸ்கிரீமப்பவும் நான் ஓடினேன். பயம்டி. உங்கப்பா இப்படித்தான் ஆபரேஷனுக்கு உள்ள போனாரு, சிரிச்சிட்டே. திரும்பி வரலை. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு யாரு இருக்கான்னு... அதான். ஆனா இந்தத் தடவை ஓடலை."

"தெரியுது" என்றாள் மகள். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். பினாயில் வாசனை அடிக்கும் அந்த வார்டில், வலியும் பசியுமாகக் கிடந்த அக்காவுக்கு அந்த மதியம் பாரமாக இல்லை. அவசரக் கேஸ் வராமல் இருக்க வேண்டுமே என்று, முதல் தடவையாக, அவள் கவலைப்பட்டாள்.

வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது கட்டிலைத் தள்ள ஆள் வந்தார். அரங்கு வாசலில் கண்ணாடி போட்ட மருத்துவர் நின்றிருந்தார்.

"காலையில குடிச்சதுக்கு அப்புறம் வேற ஏதாவது?"

"என்னைக் கேக்காதீங்க டாக்டர், நான் சொன்னா அதுல ஓட்டை இருக்கும்" என்றாள் அக்கா. "கையைப் பிடிச்சிட்டிருந்தவளைக் கேளுங்க."

"ஒரு சொட்டுகூட இல்லை டாக்டர்" என்றாள் மகள். "நான் பொறுப்பு."

அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவைத்துவிட்டுப் பிடியை விட்டாள். மூடிய கையோடு அக்கா உள்ளே போனாள். போகிற போக்கில் கட்டில் சக்கரம் கிறீச்சிடுவதைக் கேட்டு, "எங்க பணிமனைக்கு அனுப்புங்க, கிரீஸ் போட்டுத் தருவாங்க" என்று ஊழியரிடம் சொல்வது வெளியே கேட்டது.

விளக்குப் போட்ட பிறகு அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கல் நிறைய இருந்தது, நல்ல வேளை இன்றைக்கே எடுத்தோம் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா கண்ணை மூடியே கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "ஸ்பூன்ல கொஞ்சமாத் தண்ணி குடுத்துப் பாருங்க, குமட்டலைன்னா அப்புறம் இன்னும் கொஞ்சம்" என்று மகளிடம் சொன்னார்.

மகள் ஸ்பூனில் தண்ணீரை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனவள் என்ன நினைத்தாளோ, நிறுத்தினாள். அம்மாவின் இடது கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கை தானாக வாய்க்குப் போனது. நக்கினாள். நெற்றியைச் சுருக்கி, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உப்பு பத்தலை" என்றாள்.